சுமைத் திருத்தம்

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து சாமியார் உள்ளே போன பிறகும் மிக்கேல்துறைக் கோவிலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஓலைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். முன்வரிசையிலிருந்து கித்தேரி எழுந்து வாசக மேடைக்குப் போனாள். ஊரில் இதற்கு நான்காம் வாசகம் என்று பெயர். பூசையில் உள்ள மூன்று வாசகங்களும் சாமியாரைச் சேர்ந்தவை. நான்காவது, கடல்நிலைக் கணிப்பு மையத்திலிருந்து வருகிற வாரக் கணிப்பு. முதல் மூன்றுக்கும் இருமிக்கொண்டிருப்பவர்கள்கூட நான்காவதற்கு மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

கித்தேரிக்கு நாற்பது வயதிருக்கும். ஏற்ற இறக்கமில்லாத, தெளிவான குரல். கணிப்பில் மேற்குக் காற்று என்று இருந்தால் கச்சான் என்று வாசிப்பாள். நீரோட்டம் என்று இருந்தால் நீவாடு என்பாள். மற்றபடி ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

"திங்கள் விடியல் முதல் வியாழன் உச்சிப்பொழுது வரை பச்சை. மெல்லிய கச்சான். நீவாடு தெற்கே. வியாழன் உச்சி முதல் சனி மாலை வரை சிவப்பு. வானம் தெளிவாக இருக்கும். காற்று இருக்காது. வெயில் கூடும். தெற்கே தூரக்கடலில் கிளம்பிய அலை கரைக்கு வந்து சேரும். கள்ளக்கடல்."

பின்வரிசையிலிருந்து கஸ்பார் குரல் கொடுத்தான். கித்தேரியின் கணவன் இஞ்ஞாசிக்குச் சித்தப்பா மகன். இஞ்ஞாசியின் படகிலேயே வேலை செய்கிறவன்.

"மயினி, நாளு குறிச்சு, நேரம் குறிச்சு வாறதுக்குப் பேரு கள்ளக்கடலா? விருந்தாளின்னு வாசிங்க."

கோவில் சிரித்தது. கித்தேரி சிரிக்கவில்லை. கடைசி வரியை வாசித்தாள். "அளவீட்டுப் படகுகள் நாற்பது. சுமைத் திருத்தம் செய்யப்பட்டது."

"ஆமென்" என்றார்கள் ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில்.

அந்த வரிக்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. வாரந்தோறும் வரும். பூசையின் வாய்ப்பழக்கத்தில் யாரோ ஒருமுறை ஆமென் என்று சொல்லிவைக்க, அதுவே ஊர்வழக்கமாகிவிட்டது. சாமியாரும் இரண்டொரு முறை கண்டித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒவ்வொரு படகின் முகப்பிலும் ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. அலையையும் காற்றையும் அது ஓயாமல் அளந்து மையத்துக்கு அனுப்பும். கரை நெடுக ஆயிரக்கணக்கான படகுகள், ஆயிரக்கணக்கான பெட்டிகள். அவை வந்த பிறகு கணிப்பு பிசகியதே கிடையாது. சிவப்பு என்றால் சிவப்பு. பச்சை என்றால் பச்சை. பெட்டி வந்த பிறகு மிக்கேல்துறையில் கடலுக்குப் புருஷனைக் கொடுத்தவள் ஒருத்தியும் இல்லை. அதற்காகத்தான் ஊர் மூச்சை அடக்கிக் கேட்டது.

புதன்கிழமை பிற்பகலில் இஞ்ஞாசி வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கித்தேரி தண்ணீர்க் குடத்தோடு கரைக்கு வந்தாள்.

"ஒரு ராத்திரிக்குத்தான? கேன் போதும்" என்றான் அவன்.

"இந்த வாரம் விட்டுட்டாத்தான் என்ன? ஊரே வலையைக் காயப்போட்டாச்சு."

"ஊரெங்க காயப்போட்டாவ? அந்தா பாரு, எத்தன பேரு கெளம்புதான்னு. நாளன்னைக்குப் பெரிய வெள்ளி. நாடு பூரா மீன் திங்கும். இன்னைக்குப் புடிக்காம என்னைக்குப் புடிக்க?" அவன் குனிந்து எஞ்சினைத் தட்டினான். "விடிஞ்சதும் வந்துருவேன். ஒன் வாசகத்துக்கு அடங்காம ஒரு நாளாவது போயிருக்கனா?"

அது உண்மை. மனைவி வீட்டில் சொல்வதில் பாதியைக் காதில் வாங்காதவன், மேடையில் வாசிப்பதில் ஒரு சொல்லையும் மீறியதில்லை. கஸ்பாரும், கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட தொம்மையும் படகைத் தள்ளினார்கள். கஸ்பாரின் மனைவி ரோஸ்லின் கரையில் நின்று, "பாறை மீன் கெடச்சா விக்காத, வீட்டுக்குக் கொண்டா" என்று கத்தினாள். "வெலையச் சொல்லிட்டு வாங்கிக்க" என்று அவன் திரும்பிக் கத்தினான். படகு அலையைத் தாண்டியது.

மறுநாள் உச்சிக்கு முன் எல்லாப் படகுகளும் கரையேறிவிட்டன. இஞ்ஞாசியின் படகு மட்டும் வரவில்லை.

அன்று போல ஒரு நல்ல நாளை அந்தக் கரை பார்த்ததில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கொடியில் காய்ந்த துணி அசையவில்லை. உச்சிப்பொழுது தாண்டியதும், யாரோ அடியிலிருந்து தள்ளியது போல கடல் மெதுவாக நிமிர்ந்தது. முதல் அலை மணல்மேட்டின் பாதி வரை ஏறி, யோசித்து நின்று, திரும்பிப் போனது. அடுத்தது படகுகளின் அடியைத் தொட்டது. ஆண்கள் படகுகளை மேலே இழுத்தார்கள். இழுத்து முடித்த பிறகும் கித்தேரி நின்ற பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஊர்த்தலைவர் பர்னபாஸ் மட்டும் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எஞ்சின் மக்கர் பண்ணிருக்கும்" என்றார் அவர் கடைசியில். "இஞ்ஞாசி சமாளிச்சிருவான்."

"ம்."

"மணி அடிக்கணும்னா நீதான் அடிக்கணும் தாயி. ஒனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். மிக்கேல்துறையில் ஒரு படகு திரும்பாவிட்டால், காணாமல் போனவனின் மனைவி கோவில் மணியின் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். அவள் இழுத்துவிட்டால் அத்தனை படகும் கடலில் இறங்கியாக வேண்டும். மணி கேட்டும் போகாதவன் வீட்டுச் சாவுக்கு ஊர் போகாது. இதை யாரும் எழுதி வைத்ததில்லை. மீறியதும் இல்லை. அவள் இழுக்காவிட்டால் யாரும் போக வேண்டியதில்லை.

"ராத்திரிப் பூசை வரைக்கும் பாப்போம்" என்றார் பர்னபாஸ். அவர் முகத்தில் துக்கம் இருந்தது. துக்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவருக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேருக்கும் படகு உண்டு.

கித்தேரி கோவிலின் பின்னறைக்குப் போய் மையத்தை அழைத்தாள். அங்கே முகுந்தன் என்று ஓர் அலுவலர். முகம் பார்த்ததில்லை. ஆறு வருஷமாக ஞாயிறுதோறும், கணிப்பு வந்து சேர்ந்ததா என்று கேட்பார், வந்தது என்பாள். அவ்வளவுதான் பழக்கம்.

"சார், எங்க வீட்டு ஆளு போன படகு வரல."

எதிர்முனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா? எங்க இருக்காவ?"

"நான் இதைச் சொல்லக்கூடாது."

அவள் காத்திருந்தாள். காத்திருப்பதைத் தவிர அவளிடம் வேறு எதுவும் இல்லை. அவராகவே பேசினார்.

"பெரிய பாருக்கு, அந்தப் பாறைத்திட்டுக்கு வெளியில. தென்மேற்கே போயிட்டிருக்கு. எஞ்சின் ஓடலை. நீரோட்டம் இழுக்குது."

"பேசுனாவளா? வயர்லெஸ்ல?"

"வயர்லெஸ் நின்னுபோச்சு. எஞ்சின் நின்னா பேட்டரி இறங்கும். மிச்சமிருக்கிற மின்சாரம் பெட்டிக்குத்தான் போகும். அப்படித்தான் செஞ்சிருக்கோம். பெட்டி கடைசி வரைக்கும் பேசும்."

"ஆளு பேச முடியாது. பெட்டி பேசும்."

"ஆமாம்."

"மீட்புப் படகு அனுப்புங்க சார்."

"எங்கேர்ந்து அனுப்புறது? நிலையத்தை மூடி மூணு வருஷமாச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "கணிப்பு பிசகாது. பச்சை நேரத்துல போனவன் பச்சை நேரத்துல திரும்பிடலாம். அப்படித் திரும்பலைன்னா அவனா விரும்பி அங்க இருக்கான்னு அர்த்தம். சட்டம் அப்படித்தான் சொல்லுது. நான் சொல்லலை."

"எஞ்சின் மக்கர் பண்ணது விருப்பமா?"

சன்னலுக்கு வெளியே அலை சத்தம் மட்டும் கேட்டது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"மூணு பேரும் இருக்காவளா? அதையாவது சொல்லுங்க."

"இருக்காங்க. மூணு பேரும்." தயங்கினார். "கணிப்புல கடைசியா ஒரு வரி வரும் பாருங்க, சுமைத் திருத்தம்னு. படகு அலையில ஆடறதை வச்சுத்தான் பெட்டி அலையை அளக்குது. ஆனா படகுல ஆள் எழுந்தா, நடந்தா, அதுக்கும் படகு ஆடும். வலை, ஐஸ், மீன் எல்லாம் கிடந்த இடத்துல கிடக்கும். ஆள்தான் அசைவான். அசையற சுமையைத் தனியா கண்டுபிடிச்சுக் கழிச்சாத்தான் கடலோட உண்மையான அளவு வரும். அதான் திருத்தம். இப்ப அந்தப் படகுல அசையற சுமை மூணு."

ஆறு வருஷமாக வாசித்த வரி. கித்தேரி சுவரில் கைவைத்துக்கொண்டாள்.

"நான் மணி அடிச்சா எங்க ஊர் படகெல்லாம் போகும் சார். எடத்த வேற சொல்லிட்டிய."

"தெரியும். அதனாலதான் நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுப் பார்த்தேன்." அவர் நிறுத்தினார். "கரையில அலை உடையற இடத்தைத் தாண்டித்தான் போகணும். முப்பத்தொம்பது படகு. பதினோரு பேர் திரும்பமாட்டாங்க."

"கிட்டத்தட்டவா?"

"கிட்டத்தட்ட இல்லம்மா. சிவப்பு நேரத்துல கடல்ல யாரும் இருக்கறதில்லை, அதனால அந்த நேரத்துக் கணிப்பு எப்பவும் கொஞ்சம் மங்கலாத்தான் வரும். இந்தத் தடவை மங்கலே இல்லை. அங்கே நடுவுல ஒரு பெட்டி இருந்து அளந்துகிட்டிருக்கு."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது.

"எங்க வீட்டு ஆளு படகுப் பெட்டியா?"

"ஆமாம்."

"அவிய அனுப்புற கணக்க வச்சுத்தான் அவியளத் தேடப் போகக்கூடாதுன்னு சொல்லுதிய."

"அம்மா," என்றார் முகுந்தன்.

பெரிய வியாழன் பூசைக்கு ஊர் முழுவதும் வந்திருந்தது. பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கித்தேரி பின்னால், மணிக்கயிறு தொங்கும் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கென்றே ஒதுக்கியது போல அந்த இடம் காலியாக இருந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் கயிறு. வானவர் கீதம் தொடங்கினால் மணி விடாமல் அடிக்கும். அது நின்றுவிட்டால் பிறகு சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசையான பாஸ்கு வரைக்கும் மணி ஊமை. அந்த நாட்களில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். கயிற்றைச் சுருட்டி, கை எட்டாத உயரத்தில் முடிந்துவிடுவார்கள். சாமியே செத்துக்கிடக்கும்போது வேறு எதற்கும் மணி அடிப்பதில்லை.

அவள் முன்னால் இருந்த முதுகுகளைப் பார்த்தாள். எண்ணத் தொடங்கி, ஒரு பதினொன்றோடு நிறுத்தி, வேறு இடத்திலிருந்து எண்ணினாள். அது வேறு பதினொன்று. எப்படி எண்ணினாலும் அவளுக்குப் பேர் தெரிந்தவர்கள். ஒருவன் தன் மகளை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தான். ஒருவன் சட்டைக் காலரில் கிழிசல் தைக்கப்பட்டிருந்தது. அவன் மனைவியின் தையல் அவளுக்குத் தெரியும்.

பாட்டு தொடங்கியது. உபதேசியார் வந்து கயிற்றைப் பிடித்தார். இழுப்பதற்கு முன் அவளை ஒருமுறை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மணி அடித்தது. நின்றது. அவர் ஏணி வைத்து ஏறிக் கயிற்றை முடிந்தபோது கோவில் முழுவதும் ஒரு பெருமூச்சு பரவியதை அவள் கேட்டாள். யாரும் அதை வேண்டுமென்று விட்டிருக்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் அழைத்தாள். முகுந்தன் உடனே எடுத்தார். அவரும் தூங்கவில்லை என்று குரலில் தெரிந்தது.

"சொல்லுங்க சார்."

"ரெண்டு."

வெளியே சிலுவைப்பாதைக்குக் கட்டை தட்டும் சத்தம் தெருவோடு போய்க்கொண்டிருந்தது.

"யாரு?"

"அது தெரியாதும்மா. எண்ணிக்கை மட்டும்தான்."

"ஒருத்தர் அசையாமப் படுத்திருக்கலாம்ல சார்? வெயில் படாம, வலைக்கடியில."

"படுத்திருக்கலாம்" என்றார் அவர் மிக வேகமாக. அந்த வேகத்தில் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒரு கேன் தண்ணீர். ஒரு ராத்திரிக்கு. குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்த இடத்திலேயே அது இருந்தது. அவள் அதிலிருந்து குடிக்கவில்லை; கொட்டவும் இல்லை.

பிற்பகல் மூன்று மணிச் சடங்குக்குக் கூட்டம் சேர்வதற்கு முன்னால், கோவிலுக்குள் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. கித்தேரி ஓடிப்போய்ப் பார்த்தாள். ரோஸ்லின் ஒரு துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கி, முடிந்திருந்த கயிற்றைக் குத்திக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தாள். முடிச்சு பாதி அவிழ்ந்து கயிற்றின் ஒரு முனை ஆடியது.

"ஏட்டி, விடு."

"நீங்க அடிக்கமாட்டிய. நான் அடிக்கேன். எனக்கும் உரிமை இருக்குல்லா?"

"ரோஸ்லின், அடிக்காத."

"என்னத்துக்கு? பெரிய வெள்ளின்னா? சாமி கோவிச்சுக்கிட்டா என்னைய நரகத்துல போடட்டும். என்னையத்தான போடும்?" அவள் மறுபடி குத்தினாள். கயிறு சரிந்து அவள் தோளில் விழுந்தது. அவள் துடுப்பைப் போட்டுவிட்டுக் கயிற்றை எட்டிப் பிடித்தாள். கித்தேரி பின்னாலிருந்து அவளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"விடுங்கக்கா!"

"விடமாட்டேன்."

"ஒங்க புருசனும் அதுலதான இருக்காவ? ஒங்களுக்கு நெஞ்சு என்ன கல்லா? அந்த மைக்குல வாசிச்சு வாசிச்சு நீங்களே மிஷினாயிட்டியளா?"

கித்தேரியின் உதட்டில் பதினொன்று என்ற சொல் வந்து நின்றது. அதை வெளியே விட்டால் ரோஸ்லினும் தன்னைப் போல ஆகிவிடுவாள். யாருடைய பதினொன்று என்று முதுகுகளை எண்ணிக்கொண்டு மீதி நாளெல்லாம் கிடப்பாள். இரண்டு என்ற சொல்லும் வந்தது. அதை விட்டால் இன்னும் மோசம். மிச்சமிருக்கும் இரண்டில் தன் புருஷன் இருக்க வேண்டுமென்றால் அடுத்தவள் புருஷனோ தொம்மையோ இல்லாமலிருக்க வேண்டும். காலையிலிருந்து கித்தேரி அந்த ஜெபத்தைச் சொல்லிவிடாமல் தன் வாயை அடக்கிக்கொண்டிருந்தாள். அடக்கியதில் அவள் முழுதாக ஜெயிக்கவில்லை.

"ஆமா, கல்லுதான்" என்றாள்.

ரோஸ்லின் திமிறினாள், கடித்தாள், அழுதாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உடம்பு தளர்ந்தது. கயிறு கையைவிட்டு நழுவியது. வாசலில் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பர்னபாஸ் முன்னால் வந்தார்.

"மணி மட்டும் கேட்டிருந்தா நாங்க போயிருப்போம் தாயி" என்றார். "ஒருத்தன்கூடப் பின்வாங்கியிருக்கமாட்டான். அது ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி."

அவர் அதை மெய்யாகவே சொன்னார். அவள் அவரை மன்னிக்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம். அவர்கள் போயிருப்பார்கள். போகாமல் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லவும் முடியாது. அப்படிச் சொன்னால் தப்பித்தோம் என்று ஒப்புக்கொண்டதாகும். ஆகவே அவளைக் கல் என்று நினைத்துக்கொள்வதுதான் எல்லாருக்கும் சுலபம். அவள் கயிற்றை எடுத்து உபதேசியாரிடம் கொடுத்தாள். அவர் ஏணி தேடிப் போனார்.

சனிக்கிழமை அவள் மையத்தை அழைக்கவில்லை. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழைக்காத வரைக்கும் இரண்டு என்பது இரண்டாகவே இருந்தது. வெயிலில் கண் கூசியது. கடல் ஒரே சீராக வந்து ஒரே சீராகப் போனது. அங்கே பாருக்கு வெளியே அதே வெயில் விழுந்துகொண்டிருக்கும். அந்தப் பெட்டி அதையும் அளந்துகொண்டிருக்கும். தெருவில் போனவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு போனார்கள். மாலையில், கணிப்பில் சொன்ன நேரத்தில், சொன்னபடியே அலை இறங்கியது.

அன்றிரவு பாஸ்குப் பூசையில் மணி அடித்தபோது ஊர் அழுதது. உயிர்ப்பு ஞாயிறன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஆனால் தேடப் போகலாம். இனி மணிக்கும் தடையில்லை, கடலுக்கும் தடையில்லை. விடிவதற்குள் முப்பத்தொன்பது படகுகளும் மணலில் தண்ணீர் நோக்கித் திரும்பி நின்றன. ஒவ்வொன்றிலும் தண்ணீர்க் கேன்கள், இளநீர், போர்வை. இந்த இரண்டு நாளும் செய்யாததை எல்லாம் இரண்டு மடங்காகச் செய்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கடலுக்குப் போகும் கோலத்திலேயே பூசைக்கு வந்தார்கள். சாமியார் அவர்களை அப்படியே உள்ளே விட்டார்.

பூசைக்கு முன்னால் கணிப்பு வந்துவிட்டது. கித்தேரி பின்னறையில் நின்று அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். முகுந்தனை அழைத்தாள். அவர் எடுத்தார்.

அவர் மூச்சு கேட்டது. தூரத்தில் அவர் அறையில் ஏதோ மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. நெடுநேரத்துக்குப் பிறகு அவள், "வந்து சேந்துச்சு சார்" என்றாள். ஆறு வருஷமாகச் சொல்கிற அதே சொல். "சரிம்மா" என்றார் அவர். யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

மேடைக்குப் போகும்போது ரோஸ்லின் அவள் கையைப் பிடித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் அவள் முகம் பார்க்கிறாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் தலை வாரி, பொட்டு வைத்து, பூவும் வைத்திருந்தாள்.

"பச்சைதானக்கா?"

"பச்சைதான்."

"நான் அன்னைக்கு என்னென்னமோ சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதிய. இன்னைக்கு அவிய மூணு பேரும் வந்ததும் நானே வந்து கால்ல விழுதேன்."

கித்தேரி அவள் கையை அழுத்தினாள். சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். இன்னும் சில மணி நேரம் அந்தப் பூ அவள் தலையில் இருக்கட்டும் என்று தோன்றியது. அது இரக்கமா, தன் கோழைத்தனமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேடையில் ஏறி ஒலிபெருக்கியைச் சரிசெய்தாள். கோவில் மூச்சை அடக்கியது.

"ஞாயிறு விடியல் முதல் சனி மாலை வரை பச்சை. வாரம் முழுவதும் பச்சை. மெல்லிய கச்சான். அலை முழங்கால் அளவு. வானம் தெளிவாக இருக்கும்."

ஆண்களின் முகங்கள் மலர்ந்தன. பர்னபாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலோரம் நின்றவர்கள் அதற்குள் கால் மாற்றி நின்றார்கள், ஓடத் தயார்.

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

"தென்மேற்குக் கடல். பெரிய பாருக்கு வெளியே. அளவீட்டுப் படகு ஒன்று. கணிப்பின் துல்லியம், இதுவரை இல்லாத அளவு உயர்வு. சுமைத் திருத்தம் தேவைப்படவில்லை."

"ஆமென்" என்றார்கள் ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில். ரோஸ்லினும் அவர்களோடு சேர்ந்து சொன்னாள். பிறகு அத்தனை பேரும் கடலை நோக்கி ஓடினார்கள்.